நீங்கதானே?

"குடையைத் தூக்கிப் பிடி. இன்னும் கொஞ்சம் மேல. ம், அப்படியே நில்லு" என்றாள் சொலாஞ்.

"மழையே இல்லையே" என்றார் பெர்னான்.

"மழைக்காகவா பிடிக்கச் சொன்னேன்? உன் உயரத்துக்கு இந்தக் கூட்டத்துல உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறது? குடை தெரிஞ்சா நீ அதுக்குக் கீழ இருப்பேன்னு வருவேன். அஞ்சு நிமிஷம். நகராதே."

மஞ்சள் குடையை அவர் கையில் திணித்துவிட்டு அவள் கழிவறையைத் தேடிப் போனாள். கூடவே அவளுடைய கைப்பையும் போயிற்று. அவருடைய கைபேசி, கார்ச் சாவி, மூக்குக் கண்ணாடி, ஒரு மணிக்குச் சாப்பிட இடம் சொல்லி வைத்திருந்த உணவகத்தின் முகவரி எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

பெர்னான் பெல்சீல், த்ருவா பிஸ்தோல் என்ற சின்ன ஊரின் நகராட்சியில் இருபத்தொன்பது வருடமாகக் குழாய்களைக் கவனித்துக்கொள்கிறவர். வருகிற தண்ணீரும் அவர் பொறுப்பு, போகிற தண்ணீரும் அவர் பொறுப்பு. கியூபெக் நகரத்துக்கு இதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார், குடல்வாலை அறுத்து எடுப்பதற்கு. அந்தப் பயணத்தில் அவர் பார்த்த ஒரே காட்சி ஆஸ்பத்திரிக் கூரை. இன்றைக்கு அவர்களுடைய இருபத்தைந்தாவது திருமண நாள். காலையில் காரில் ஏறும்போதே சொலாஞ் ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் குழாயைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நானூறு வருஷத்து ஊர். மனுஷங்க பார்க்கிற மாதிரி நிமிர்ந்து பாரு. அடைப்பு, வால்வுன்னு வாயைத் திறந்தே, அப்படியே படகு ஏறி ஆத்துக்கு அந்தப் பக்கம் லெவியில என் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு வாரம் உனக்கு நீயே சமைச்சுக்கோ."

சொன்னால் செய்கிறவள். ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில், இறைச்சியை வெட்டிக்கொண்டே அவர் புதுப் பம்பைப் பற்றி ஆரம்பித்ததற்கு நிஜமாகவே போயிருக்கிறாள்.

ஆகவே பெர்னான் ஊரை நிறுவிய சாம்ப்ளேனின் சிலைக்குக் கீழே, நிமிர்ந்த தலையோடு, உயர்த்திய குடையோடு நின்றார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு பெரிய அம்மாள் அவருக்கு நேரே வந்து நின்றாள். கழுத்தில் விசில் தொங்கியது.

"முசியே, நீங்கதானே?"

த்ருவா பிஸ்தோலில் யாராவது அவரைப் பார்த்து "நீங்கதானே?" என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு, எங்கேயோ ஒரு குழாய் கெட்டிருக்கிறது. கடையில், தேவாலயத்தில், முடி வெட்டுகிற இடத்தில் என்று எங்கே கேட்டாலும் அவர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்.

"நான்தான்" என்றார் பெர்னான்.

"அப்பாடா. மஞ்சள் குடையோட சிலைக்கிட்ட நிப்பாங்கன்னு சொன்னாங்க, அச்சு அசலா அப்படியே நிக்கறீங்க. நான் மதாம் ஆஷே." அவள் விசிலை எடுத்து ஊதினாள். சிலையை ஒட்டிய பலகை நடைமேடையின் நான்கு பக்கத்திலிருந்தும் வயதானவர்கள் வந்து கூடினார்கள். அவளையும் சேர்த்து எண்ணினால் இருபத்திரண்டு பேர். பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கின் கடலோரத்திலிருந்து வந்த, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கிளப்புக்காரர்கள். அதில் பாதிப் பேர் கராகெத் ஊர்க்காரர்கள், பாதிப் பேர் ஷிப்பகான் ஊர்க்காரர்கள். போன மாதம் நடந்த இறுதிப் போட்டியில் பந்தை உருட்டியவரின் கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற தகராறு தீராததால், ஒரே பஸ்ஸில் பத்து மணி நேரம் வந்தும் இந்தப் பாதி அந்தப் பாதியோடு பேசிக்கொள்ளவில்லை.

"என்ன கோளாறு?" என்று கேட்டார் பெர்னான், வழக்கம்போல.

"எட்டுப் பேர் கழிவறைக்குப் போகணும். தாங்காது போல இருக்கு."

கழிவறைக் கோளாறுக்குத்தானே அவரைக் கூப்பிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்குக்கூடத் தன்னைத் தெரிந்திருக்கிறதே என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தவிர, சொலாஞ்சும் அங்கேதான் போயிருக்கிறாள். "என் பின்னாடி வாங்க" என்றார். வாழ்நாளில் அவர் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதே இல்லை.

கழிவறையில் எந்தக் கோளாறும் இல்லை. சொலாஞ்சும் இல்லை. எட்டுப் பேர் உள்ளே போய், அவர்களைப் பார்த்து இன்னும் ஆறு பேருக்கும் தோன்றி, எல்லோரும் வெளியே வர இருபது நிமிடம் ஆயிற்று.

"ரொம்ப நல்லது முசியே" என்றாள் மதாம் ஆஷே. "இப்ப சொல்லுங்க, முதல்ல எதைக் காட்டப் போறீங்க?"

"எதைக் காட்டணும்?"

"ஊரைத்தான்."

பெர்னான் திரும்பிப் பார்த்தார். இருபத்திரண்டு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. அதில் மெலிந்த ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பென்சிலோடு தயாராக நின்றார். தன்னைச் சுற்றுலாக் கைடு என்று நினைத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் பெர்னானுக்குப் புரிந்தது.

அவர் சிலைக்கே திரும்பினார். சொலாஞ் வந்தால் அங்கேதான் வருவாள். அவர் நின்றார், கூட்டமும் நின்றது. அவர் என்ன செய்வதென்று தெரியாமல் சிலையை அண்ணாந்து பார்த்தார், கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. கால் மணி நேரம் அப்படியே போயிற்று. ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

சிலையின் படியில் மடக்கிய குடையோடு உட்கார்ந்து காலணியைத் தளர்த்திக்கொண்டிருந்த பச்சை மழைக்கோட்டு அம்மாள் ஒருத்தி பெருமூச்சு விட்டாள். "பாவம், இந்தச் சாம்ப்ளேனை இவ்வளவு நேரம் யாரும் பார்த்திருக்க மாட்டாங்க."

பக்கத்தில் மேப்பிள் மிட்டாய் விற்பவன் பெர்னானின் குடையைப் பார்த்துக் கையசைத்தான். "மஞ்சள் குடைக்காரரே, நீலத் தொப்பி போட்ட அம்மா ஒருத்தங்க உங்களைத் தேடினாங்களே."

"எப்போ?"

"நீங்க படையோட அந்தப் பக்கம் போனீங்களே, அப்போ. 'எங்கயாவது ஒரு சாக்கடை மூடியைப் பார்த்துட்டுக் குனிஞ்சிருப்பான்'னு சொல்லிட்டுக் கீழ் நகரத்துக்கு இறங்கிட்டாங்க. நல்ல கோபம்."

கீழ் நகரத்தில்தான் லெவிக்குப் போகும் படகுத்துறையும் இருந்தது. பெர்னான் ஓட்டமும் நடையுமாகப் படிக்கட்டை நோக்கிப் போனார். பின்னால் விசில் ஊதியது. இருபத்திரண்டு ஜோடிக் கால்கள் மரப்பலகையில் தடதடத்தன.

"நல்ல சுறுசுறுப்பான கைடு" என்றது ஒரு குரல்.

"எங்க ஊர்ல எல்லாரும் இதைவிட வேகமா நடப்போம்" என்றது எதிர்க் கட்சியின் குரல்.

படிக்கட்டின் நடுவே அவர் நின்று திரும்பினார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

"மன்னிச்சுக்கோங்க. நான் கைடு இல்லை. எனக்கு இந்த ஊரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் சாக்கடை வேலை பார்க்கிறவன். என் மனைவியைத் தொலைச்சுட்டேன்."

கராகெத்தும் ஷிப்பகானும் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தன. ஒருவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"கம்பெனியில சொன்னாங்க," என்று கண்ணைத் துடைத்தாள் மதாம் ஆஷே, "கைடு ரொம்பத் தமாஷாப் பேசுவாங்கன்னு. முகத்துல சிரிப்பே இல்லாம சொல்றீங்க பாருங்க, அதுதான் திறமை."

"நிஜமாத்தான் சொல்றேன் மதாம்."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நோட்டுக்காரர் எழுதிக்கொண்டார்.

படிக்கட்டின் அடியில் கடவுளே அனுப்பியதுபோல ஒரு நிஜமான கைடு நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது, முறுக்கு மீசை, பழைய பிரெஞ்சுச் சிப்பாய் உடை, இறகு செருகிய தொப்பி. தன் கூட்டத்துக்காகக் காத்திருந்தார். பெர்னான் அவர் காதருகே போனார்.

"ஐயா, ஒரு உதவி. இவங்களையும் உங்க கூட்டத்தோட சேர்த்துக் கூட்டிட்டுப் போயிடுங்களேன். நான் கைடு இல்லை."

சிப்பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கைடு இல்லைன்னா கையில குடை எதுக்கு? பின்னாடி கூட்டம் எதுக்கு? உங்க அட்டை எங்கே?"

"எந்த அட்டை?"

"அனுமதி அட்டை. அது இல்லாம இந்த ஊர்ல கூட்டம் சேர்த்து ஒரு கல்லைக் காட்டினாலும் குற்றம். இன்ஸ்பெக்டருங்க வருவாங்க தெரியுமா? உடுப்பு போட்டு வர மாட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா, நோட்டும் பென்சிலுமா வருவாங்க. நீங்க பேசப் பேச எழுதிப்பாங்க."

பெர்னான் மெல்லத் திரும்பினார். மெலிந்த மனிதர் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டிருந்தார்.

சிப்பாய் குரலை உயர்த்தத் தொடங்கியபோது, பச்சை மழைக்கோட்டு அம்மாள் நொண்டிக்கொண்டே வந்து அவரை ஒரு பக்கமாக இழுத்துப் போய் ஏதோ முணுமுணுத்தாள். சிப்பாய் பெர்னானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றி ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் பெர்னான்.

"இவருக்கு வேலையில முதல் நாள், விட்டுடுன்னு சொன்னேன்" என்றாள் அவள். "நீங்க நடங்க. நல்லாத்தான் இருக்கு."

நல்லாயில்லை என்பது பெர்னானுக்குத் தெரியும். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான். கூட்டத்துக்கு அடையாளம் குடை. குடையை மடக்கிவிட்டால் அடையாளம் போயிற்று. கல் பாவிய ஒரு சந்து திரும்பும் இடத்தில் குடையைச் சட்டென்று மடக்கி, கோட்டுக்குள் செருகிக்கொண்டு, ஒரு சோப்புக் கடைக்குள் நுழைந்து நின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தார். தலைவர் இல்லாத கூட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஒரு பகுதி சிப்பாயின் கூட்டத்தோடு கலந்தது. இன்னொரு பகுதி ஜப்பானியக் கூட்டம் ஒன்றின் பின்னால் மரியாதையாக நடந்து போனது. மூன்றாவது பகுதி ஒரு வீட்டின் கதவைத் திறந்து உள்ளேயே போய்விட்டது.

மதாம் ஆஷே நடுச்சந்தில் தனியாக நின்றாள். விசிலை வாயில் வைத்தாள், ஊத மூச்சு வரவில்லை. "இருபது பேருக்கு நான் பொறுப்பு" என்று யாரிடமோ சொன்னாள். "ஒருத்தருக்கு இதயத்துல மெஷின் வெச்சிருக்கு. ஒருத்தருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வீட்டுல எல்லாருக்கும் வாக்குக் கொடுத்துட்டு வந்தேன்."

பெர்னான் சோப்புக் கடையில் ஒரு லாவெண்டர் சோப்பை முகர்ந்தபடி அரை நிமிடம் நின்றார். இன்ஸ்பெக்டரை நினைத்தார், சொலாஞ்சை நினைத்தார், இதயத்து மெஷினையும் நினைத்தார். பிறகு வெளியே வந்து குடையை விரித்தார்.

எல்லோரையும் திரும்பச் சேர்க்க முக்கால் மணி நேரம் பிடித்தது. வீட்டுக்குள் போனவர்களை அந்த வீட்டுக்காரி காப்பி கொடுத்து உட்கார வைத்திருந்தாள். ஜப்பானியக் கூட்டத்திலிருந்து மீட்டவர்களோடு இரண்டு ஜப்பானியர்களும் வந்துவிட்டார்கள். சொல்லிப் பார்த்தும் போகவில்லை. குடையைக் காட்டிக் காட்டித் தலையாட்டினார்கள்.

மதாம் ஆஷேக்கு இப்போது மூச்சு திரும்பியிருந்தது.

"முசியே, கோபமாச் சொல்றேன்னு நினைக்காதீங்க. ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது. கழிவறை காட்டினீங்க, ஓட்டம் காட்டினீங்க, ஒளிஞ்சு விளையாட்டும் காட்டினீங்க. ஊரைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை. இந்தாங்க, இங்க ஒரு சுவர் இருக்கு. இதைப் பத்தியாவது ஏதாவது சொல்லுங்க."

பாறையோடு ஒட்டி எழுப்பிய உயரமான பழைய கல் சுவர் அது. எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நோட்டுக்காரர் புதுப் பக்கம் திருப்பினார். எந்த ராஜா, எந்த வருடம், எந்தச் சண்டை, ஒன்றும் பெர்னானுக்குத் தெரியாது. கண்கள் சுவரின் அடிப்பக்கம் போயின. அங்கே, முழங்கால் உயரத்தில், வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன.

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார்.

"அந்த ஓட்டையைப் பாருங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

எல்லோரும் குனிந்தார்கள்.

"அதெல்லாம் உடைஞ்சு விழுந்த ஓட்டை இல்லை. விட்டு வெச்ச ஓட்டை. இந்தச் சுவர் எதிரியைப் பார்த்து நிக்குதுன்னு நினைப்பீங்க. பீரங்கி என்னைக்கோ ஒரு நாள் வரும். தண்ணி தினமும் வரும். பாறையிலேருந்து இறங்கின தண்ணி சுவருக்குப் பின்னாடி தேங்கினா, குளிர்ல உறையும், உறைஞ்சா வீங்கும், வீங்கினா எந்தச் சுவரும் சாயும். கட்டினவன் அது தெரிஞ்சவன். தண்ணிக்கு வழி விட்டிருக்கான். அதனாலதான் சுவர் இன்னும் நிக்குது."

கண் சரியாகத் தெரியாத கிழவர் மண்டியிட்டு ஓட்டைக்குள் விரலை விட்டார். "ஈரமா இருக்கு" என்றார் பயபக்தியோடு.

"அப்புறம்?" என்றாள் பச்சை மழைக்கோட்டு அம்மாள்.

அந்த வார்த்தையை இருபத்தைந்து வருடமாக யாரும் பெர்னானிடம் சொன்னதில்லை.

அதன் பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. கூரைகள் ஏன் இவ்வளவு செங்குத்தாக இருக்கின்றன, பனி எங்கே விழும், அது உருகினால் யார் வீட்டுச் சுவரை அரிக்கும் என்று சொன்னார். தெரு நடுவில் ஏன் லேசாகப் பள்ளமாக இருக்கிறது என்று காட்டினார். ஜன்னலுக்கு மேலே செதுக்கிய கல் அழகுக்காக மட்டும் இல்லை, சொட்டுகிற தண்ணீரைத் தள்ளிவிடத்தான் என்றார். கூட்டம் அண்ணாந்தது, குனிந்தது, மறுபடி அண்ணாந்தது. ஜப்பானியர்கள் ஒவ்வொரு ஓட்டையையும் படம் எடுத்தார்கள்.

ஷிப்பகான்காரர் ஒருவர் விடவில்லை. "அதெல்லாம் சரி, ஆங்கிலேயன் பாறை ஏறி வந்து ஊரைப் பிடிச்சானே, அதைப் பத்திச் சொல்லுங்க."

"நான் அங்க இல்லை" என்றார் பெர்னான் நேர்மையாக. "ஆனா ஒண்ணு யோசிங்க. இவ்வளவு செங்குத்தான பாறையில மனுஷன் எங்க ஏற முடியும்? தண்ணி இறங்கின இடத்துலதான். ஓடை பாறையை அறுத்து வழி போட்டிருக்கும். படைத்தலைவன் பெரிய புத்திசாலியா இருந்திருக்கலாம். வழியைக் காட்டினது ஓடையாத்தான் இருக்கணும்."

நோட்டுக்காரர் அதை இரண்டு தடவை எழுதிக் கோடும் போட்டார். பெர்னான் பார்த்தார். இனி என்ன, பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. அவருக்குத் தலை லேசாகச் சுற்றியது. மதுவே குடிக்காமல் இப்படி இருக்க முடியும் என்று அவருக்குத் தெரியாது.

கீழ் நகரத்து அரச சதுக்கத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் மழை, பத்தே நிமிடம், ஆனால் வாளியால் கொட்டுவதுபோல. எல்லோரும் தேவாலயத்தின் வாசலோரம் ஒண்டினார்கள். சதுக்கத்தின் ஒரு மூலையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து ஒரு குளமாயிற்று.

"பார்த்தீங்களா" என்றார் பெர்னான், மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு. "மேல் நகரம், கீழ் நகரம்னு சொல்றாங்களே, ஏன் கவர்னர், பிஷப் எல்லாம் மேல போய் உட்கார்ந்தாங்க? காத்து நல்லாருக்கும், ஆறு தெரியும்னு சொல்லுவாங்க. ஒரு காரணம்தான் இருக்க முடியும். மேல கொட்டினது எல்லாம் கீழ வரும். கொட்டுறவன் எப்பவும் மேலதான் இருப்பான்."

கூட்டத்தில் ஒரு பாராட்டு முனகல் எழுந்தது. குளம் அதற்குள் முதல் படியைத் தொட்டுவிட்டது. பெர்னானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மழையில் இறங்கினார். கணுக்கால் அளவு தண்ணீரில் நடந்து, காலால் தடவி, சாக்கடையின் கம்பி மூடி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். மேப்பிள் இலைகள் அதைத் தோல்போல மூடியிருந்தன. குடையை மடக்கித் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கைப்பிடியைத் தண்ணீருக்குள் விட்டு, ஒரு சுழற்று, ஒரு இழுப்பு. சிவப்பு இலைகள் கொத்தாக மேலே வந்தன.

சதுக்கத்தின் அடியிலிருந்து ஒரு பெரிய ஏப்பம் கேட்டது. தண்ணீர் சுழன்றது. குழி விழுந்தது. குளம் முழுவதும் சுற்றிச் சுற்றி, ஒரு சின்னப் பிள்ளையின் தொலைந்த கையுறையையும் சேர்த்துக்கொண்டு, அரை நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. கற்கள் பளபளவென்று வெளியே வந்தன.

கைதட்டல் நான்கு சுவர்களிலும் மோதியது. கராகெத்காரர் ஒருவர் தன்னை மறந்து ஒரு ஷிப்பகான்காரரைக் கட்டிக்கொண்டார். ஷிப்பகான்காரரும் விலகவில்லை.

பெர்னான் சேறு சொட்டும் குடையோடு நிமிர்ந்தார். கைதட்டுகிறவர்களுக்கு நடுவே கை கட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். தலையில் நீலத் தொப்பி, நனைந்து தொங்கியது.

அவர் குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"முசியே" என்றாள் சொலாஞ், யாரோ ஒரு சுற்றுலாப் பயணிபோல. "அந்தக் குடை யாரோடது?"

"என் மனைவியோடது, மதாம்."

"இதைப் பார்த்தா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுப்பாங்க. படகு ஏறிப் போயிடுவாங்க."

கூட்டம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சொலாஞ் கட்டிய கையைப் பிரிக்கவில்லை. ஆனால் வாயின் ஒரு ஓரம் அவள் பேச்சைக் கேட்கவில்லை, மேலே போய்க்கொண்டிருந்தது.

"படகுத்துறை வரைக்கும் போனவங்க உங்க சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருப்பாங்க" என்றாள். "மழை ஆரம்பிச்சதுலேருந்து நானும் இங்கதான் நிக்கறேன். மேல கொட்டினது எல்லாம் கீழ வரும்னு சொல்லிட்டு அப்படியே விட்டுட்டீங்க. கீழ இருந்தவங்க என்ன பண்ணாங்க? அதைச் சொல்லுங்க."

"நிஜமாக் கேக்கறியா?" என்றார் பெர்னான் மெதுவாக.

"இவ்வளவு பேர் கேக்கறப்போ நான் மட்டும் என்ன, லெவியிலயா உட்கார்ந்திருப்பேன்?"

அவர் சொன்னார். ஆற்றை நோக்கிக் கை நீட்டிச் சொன்னார். சொலாஞ் இடையில் இரண்டு கேள்வி கேட்டாள், இரண்டும் நல்ல கேள்விகள்.

முடிந்ததும் நோட்டுக்காரர் நேராக அவரை நோக்கி வந்தார். பெர்னான் விலங்கு மாட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் முன்னால் நீட்டாத குறைதான்.

"முசியே, 'உறைஞ்சா வீங்கும்'கிறதுக்கு அப்புறம் என்ன சொன்னீங்க? அங்க எனக்குப் பென்சில் உடைஞ்சுடுச்சு."

"உங்க மேலதிகாரி கேப்பாரா?"

"என் மனைவி கேப்பா. அவளுக்கு முழங்கால் முடியலை, வரலை. ஒண்ணு விடாம எழுதிட்டு வான்னு சொல்லி அனுப்பியிருக்கா. இதுவரைக்கும் போன ஊர் எல்லாத்துலயும் ராஜா பேரா எழுதிட்டுப் போய் அவளைத் தூங்க வெச்சிருக்கேன். இது தூங்காம கேப்பா."

மதாம் ஆஷே கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து வந்தாள். "கம்பெனிப் படிவம் முசியே. கைடு எப்படின்னு கேட்டிருக்காங்க. எல்லாத்துலயும் 'மிகச் சிறப்பு' போட்டுட்டேன். கீழ உங்க கையெழுத்து ஒண்ணு வேணும்." அவள் தாளைக் கண்ணருகே கொண்டு போனாள். "பேரு ஏற்கெனவே அச்சடிச்சிருக்கு. பியரெத் ஃபிசே." நிமிர்ந்து பார்த்தாள். "இது பொம்பளைப் பேராச்சே."

"நான் பெர்னான் பெல்சீல்" என்றார் அவர். "த்ருவா பிஸ்தோல் நகராட்சியில சாக்கடை வேலை. இவங்கதான் நான் தொலைச்ச மனைவி. படிக்கட்டுலயே சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

மதாம் ஆஷேயின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. "அப்படின்னா அந்தப் பியரெத்? அந்தம்மா நம்மளைத் தேடிக்கிட்டுச் சிலைக்கிட்டயே நிக்கறாங்களா? இந்த மழையில? ரெண்டு மணி நேரத்துக்கு மேலயா?" விசிலைக் கையில் எடுத்தாள். "நம்மால ஒரு பொம்பளைக்கு வேலையே போயிருக்கும். எல்லாரும் மேல ஏறுங்க. இப்பவே போய் மன்னிப்புக் கேக்கணும்."

கராகெத்தும் ஷிப்பகானும் ஒருவரை ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டுக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார்கள். தேவாலயப் படியில் உட்கார்ந்திருந்த பச்சை மழைக்கோட்டு அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. இரண்டு காலணிகளையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கால் விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏறாதீங்க மதாம், பியரெத் நான்தான், இங்கதான் உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அவள். "முப்பத்தோரு வருஷமா இந்த ஊரைக் காட்டிக்கிட்டிருக்கேன், இன்னைக்குத்தான் ஒரு தடவை சுத்திப் பார்த்தேன்."